தலைநகரில் மல்லிகை மலரும் காலம்

தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில் மல்லிகைத் தொட்டி இல்லாத வீடு அரிது. ஊரிலிருந்து பதியன் கொணர்ந்து கண்ணும் கருத்துமாய் வளர்க்கிறோம். மார்கழியும் தையும் வந்தால் இலை பழுத்து உதிர்கிறது. தளிரும் இல்லை, அரும்பும் இல்லை. செடி பட்டுப்போயிற்று என்றெண்ணி வேரோடு பிடுங்கி எறிந்த வீடுகள் நம்மிடையே உண்டு. உண்மையில் அது பட்டுப்போகவில்லை, உறங்குகிறது.

மல்லிகை வெம்மையை நாடும் செடி. தில்லிக் குளிரில் அதன் வளர்ச்சி நின்றுவிடும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் கணுக்களில் தளிர் விடும். அந்தப் புதுக் கிளைகளின் நுனியிலேதான் அரும்பு கட்டும். ஆகையால் புதுக் கிளை பெருகினால் பூவும் பெருகும்.

கவாத்தின் இரகசியம் இதுவே. கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரந்து, கீழ்க்கணுக்களை எழவொட்டாமல் தடுக்கிறது. நுனியை வெட்டினால் அத்தடை நீங்கிப் பக்கமொட்டுகள் கிளைக்கின்றன. தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்வார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கார்த்திகையில் வெட்டினால் இளந்தளிர் குளிரில் கருக நேரும். ஜனவரி இறுதியோ பிப்ரவரித் தொடக்கமோ ஏற்றது. வெட்டுமுன் சில நாள் நீரைக் குறைத்து, வெட்டியபின் தொழுவுரமிட்டு நீர் வார்த்தால், சித்திரையில் பூத்தொடுக்க நார் தேட வேண்டியிருக்கும்.

எல்லாச் செடிக்கும் இவ்விதி பொருந்தாது. மஞ்சள் சமேலி சென்ற ஆண்டுக் கிளையில் பூப்பது. அதைப் பூத்து ஓய்ந்தபின்பே வெட்ட வேண்டும். முன்னரே வெட்டினால் அவ்வாண்டுப் பூவை இழப்போம்.

இன்னும் சில செடிகள் பொழுதையே அளக்கின்றன. இவ்வுண்மையை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். பாயின்செட்டியாவுக்கு நீண்ட இரவு தொடர்ந்து கிடைத்தால்தான் நுனியிலைகள் சிவக்கும். கோடையின் நெடும்பகலுக்கும் குளிர்காலக் குறும்பகலுக்கும் சென்னையில் வேறுபாடு சுமார் 1½ மணி நேரமே. தில்லியிலோ 3½ மணி நேரத்துக்கும் மேல். எனவே இச்செடிக்குத் தலைநகரம் தக்க இடம். ஆயினும் இரவெல்லாம் தெருவிளக்கின் ஒளி படும் இடத்தில் வைத்தால் அது இரவென்றே உணராது; பச்சையாகவே நிற்கும்.

ஆதலால் சகோதரிகளே, இலையுதிர்ந்த மல்லிகையைப் பிடுங்குமுன் ஒரு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் உண்டு, மாசிவரை பொறுத்திருங்கள். மாற்றல் உத்தரவு வந்து வீட்டைக் காலி செய்வோர், கவாத்துக் காலத்தையும் சொல்லித் தொட்டியை அண்டைவீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது நலம்.