தமக்கையாரின் கைப்பேசி



என் தமக்கையாருக்கு வயது 79. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில், பழைய ஓட்டு வீட்டில் தனித்து வாழ்கிறார். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், ஓர் இரவு கொல்லைப்புறத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். காலில் பலத்த அடி; எழுந்திருக்க இயலவில்லை. கையில் கைப்பேசி இருந்தது. அதனை வாங்கிக் கொடுத்தவன் நானே. ஆயினும் விடியற்காலையில் பால்காரர் குரல் கேட்டு ஓடி வரும் வரையில், அவர் அந்த ஈரத்திலேயே கிடந்தார்.

“தம்பி, அது என் விரலைத் தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்கிறது” என்று அவர் முன்னரே பன்முறை என்னிடம் கூறியதுண்டு. நானோ ஒவ்வொரு முறையும் எதை எப்படித் தொட வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து கற்பித்தேன். பாடம் விளங்கவில்லை என்னும் மாணவனுக்கு அதே பாடத்தை உரத்த குரலில் மறுபடி சொல்லும் ஆசிரியர்களை நான் கண்டித்திருக்கிறேன். அன்று நான் செய்ததும் அதுவேயன்றி வேறன்று.

உண்மையில் அவர் கூறியதே சரி. தொடுதிரை, விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. அதன் கண்ணாடிக்கு அடியில் நுண்ணிய மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடைய நம் விரல் நெருங்கும்பொழுது அப்புலத்தில் உண்டாகும் மாறுதலையே கருவி கண்டுகொள்கிறது. முதுமையில் தோல் வறண்டுவிடும். வறண்ட விரல் நுனியின் தொடுகை சில வேளைகளில் பதிவாவதில்லை. மழைத்துளி படிந்தாலோ, எது விரல், எது நீர் என்று திரை மயங்கும். நடுங்கும் விரல் ஒரு முறை தொட எண்ணி இரு முறை தொட்டுவிடும். நன்றாக அழுத்தினால் வேலை செய்யும் என்று நம்பி முதியவர் மேலும் அழுத்துவார். அதனால் வேறு ஏதோ ஒன்று திறந்துகொள்ளும்.

இதனை உங்களிடம் கூறக் காரணம் உண்டு. பாட்டிக்கு எந்தக் கைப்பேசி வாங்கலாம் என்று வீட்டில் கேள்வி எழுந்தால், பெரியவர்கள் இன்று உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள்.

பொத்தான் கைப்பேசியில் கண்ணுக்கு உள்ள வேலையில் பாதியை விரல் ஏற்றுக்கொள்கிறது. 5 என்னும் எண்ணின் மீது சிறு புடைப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விரல் அதனைக் கண்டுகொண்டால், சுற்றியுள்ள எண்களை இருட்டிலும் தடவி அறியலாம். ஆனால் பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளியுடன் மேலெழுந்து நிற்க வேண்டும்; அழுத்தியதும் ‘டிக்’கென்று விரலுக்குத் தெரிய வேண்டும். மடக்கும் கைப்பேசியும் நல்லதே. பழைய தொலைபேசியில் கேட்பானை எடுத்தால் பேச்சு, வைத்தால் முடிவு. மடக்குக் கைப்பேசி பலவற்றில் திறந்தால் பேச்சு, மூடினால் முடிவு. முதியவரின் கை அதனைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

அடுத்தது செவி. வயது ஏற ஏற முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறனே. ஆகவே கீச்சென்ற மணியோசை இளைஞருக்கு இனிக்கும், பாட்டிக்குக் கேட்காமல் போகலாம். தாழ்ந்த சுருதியுள்ள ஓசையைத் தேர்ந்தெடுங்கள். செவிக்கருவி அணிபவராயின், அதனை அணிந்தபடியே கடையில் பேசிப் பார்க்கச் செய்யுங்கள். சில கருவிகளோடு சேரும்பொழுது இரைச்சல் எழும்.

ஆபத்துக் காலத்திற்கென ஓர் ஏற்பாடு உண்டு. அதனைப் பலர் அறியார். 2016-இல் இந்திய அரசு வகுத்த விதியின்படி, 2017 சனவரி முதல் விற்கப்படும் சாதாரணக் கைப்பேசிகளில் 5 அல்லது 9 என்னும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு செல்ல வேண்டும். நாடு முழுவதற்குமான அவசர எண் 112. முதியோருக்கென்றே செய்யப்பட்ட கைப்பேசிகள் சிலவற்றின் பின்புறத்தில் தனி அவசரப் பொத்தானும் இருக்கும். நாம் பதிந்து வைத்த எண்களை அது வரிசையாக அழைக்கும். அவ்வரிசையில் அயல்நாட்டில் இருக்கும் மகனுக்கு முதலிடம் தருவது பாசம். அடுத்த வீட்டுக்காரருக்குத் தருவது அறிவு.

சிம் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். 2ஜி மட்டுமே உள்ள கைப்பேசியில் ஜியோ அட்டை பயன்படாது. 2016-இல் 4ஜி முறையிலேயே தொடங்கிய அந்நிறுவனத்திற்கு 2ஜி வலைப்பின்னல் இல்லை. எந்த நிறுவனத்தின் அலை அந்த வீட்டின் அடுக்களை வரை எட்டுகிறது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கட்டணக் கெடு முடிந்தால் முதலில் அழைப்பது நிற்கும்; பின்னர் வரும் அழைப்பும் நின்றுவிடும். அந்த நாளை நினைவில் வைப்பது உங்கள் பொறுப்பு. மின்னேற்றும் கம்பியின் முனை எப்பக்கம் திருப்பினாலும் பொருந்தும் ‘டைப்-சி’ வகையாக இருப்பின், நடுங்கும் கைக்கு அது பேருதவி.

முதியவர் என்றாலே பொத்தான் கைப்பேசிதான் என்று முடிவு கட்டுவதும் பிழையே. தொடுதிரையில் எழுத்தைப் பெரிதாக்கி நாளிதழ் படிக்கும் எண்பது வயதுக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பேரக்குழந்தையின் முகம் காண விரும்பும் பாட்டியிடமிருந்து அதனைப் பறிக்க நாம் யார்? கையில் கொடுத்துப் பார்த்து, அவரையே கேட்க வேண்டும்.

இம்முறை நான் அதைத்தான் செய்தேன். கால் தேறியபின் தமக்கையாரைக் கும்பகோணத்திற்கு அழைத்துச் சென்றேன். கடைக்காரர் ஐந்தாறு கைப்பேசிகளைப் பரப்பினார். தமக்கையார் ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தடவினார். விளக்கு எரிகிறதா, வானொலி பாடுகிறதா என்று கேட்டார். இறுதியில் ஒரு மடக்குக் கைப்பேசியை எடுத்து மும்முறை திறந்து மூடிவிட்டு, “இது போதும்” என்றார். நான் தேர்ந்து வைத்திருந்தது வேறொன்று, வாயைத் திறக்கவில்லை.

இப்பொழுது நாள்தோறும் விளக்கேற்றியபின் என்னை அழைக்கிறார். என்னுடையது தொடுதிரை. எடுக்கச் சற்றுத் தாமதமானால், “ஏன் தம்பி, உனக்கு இன்னும் அது பழகவில்லையா?” என்று கேட்கிறார்.