சீட்டு சரியில்லையா, ஆட்டம் சரியில்லையா?

2015-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ரிவர்ஸ் கேசினோவில் ஒரு விநோதமான போக்கர் போட்டி நடந்தது. ஒரு பக்கம் டக் போல்க், டாங் கிம், ஜேசன் லெஸ், பியோர்ன் லீ என நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள். எதிர்ப்பக்கம், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிளாடிகோ என்ற கணினி நிரல். மொத்தம் 80,000 கை ஆடினார்கள். முடிவில் மனிதர்கள் 7,32,713 சிப்ஸ் முன்னிலையில் இருந்தார்கள். பல்கலைக்கழகமோ, ‘புள்ளியியல் கணக்குப்படி இது டிரா’ என்றது. போக்கர் உலகில் பலர் முகம் சுளித்தார்கள்.

இத்தனைக்கும் அதிர்ஷ்டத்தை வடிகட்டத்தான் அங்கே பெரிய ஏற்பாடே இருந்தது. ஆட்டக்காரர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரே சீட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டார்கள். இங்கே மனிதருக்கு எந்தச் சீட்டு வந்ததோ, அங்கே அது கணினிக்கு. நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்று எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. அப்படியும் 80,000 கையில் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2017 ஜனவரியில் அதே கேசினோவில், அடுத்த தலைமுறை நிரலான லிப்ராட்டஸ் 1,20,000 கை ஆடி 17,66,250 சிப்ஸ் முன்னிலை பெற்றது. எதிர்த்து ஆடிய நால்வருமே தோற்றார்கள். அந்த முறைதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

நிலைமை இப்படியிருக்க, சனிக்கிழமை ராத்திரி நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘எனக்கு நேரம் சரியில்லை’ என்கிறவரின் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொள்வது? ‘எனக்கு ஆடவே தெரியவில்லை’ என்று தலையில் அடித்துக்கொள்பவருக்கும் இதே கேள்விதான். இருவருமே பர்ஸைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். தோற்றது சீட்டாலா ஆட்டத்தாலா என்பது பர்ஸுக்குத் தெரியாது.

ஒரு கையைக் கிட்டத்தில் பார்ப்போம். டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. உங்களிடம் இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் இருக்கின்றன. நடுவில் நான்கு சீட்டு விரித்தாகிவிட்டது, அதில் இரண்டு ஆட்டின். எதிராளி கையிலும் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழுந்தால் அவருக்கு ஐந்து ஆட்டின் சேர்ந்து ஃப்ளஷ், உங்கள் கதை முடிந்தது. அவர் கண்ணில் படாத 46 சீட்டில் 9 ஆட்டின். ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு.

ஆட்டின் விழுகிறது. பணம் போகிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் உச்சுக்கொட்டுகிறார்கள். இது துரதிர்ஷ்டமா?

அதற்கு முன் நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது. நீங்கள் பயந்து பயந்து 100 கட்டியிருந்தால், அவர் 100 போட்டு 1,100-க்கு ஆசைப்படலாம். ஐந்து முறை இப்படி நடந்தால் நாலு முறை சேர்த்து 400 விடுவார், ஒரு முறை 1,100 எடுப்பார். லாபமான வியாபாரத்தை நீங்களே அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். விழுந்த ஆட்டினைத் திட்டிப் பயனில்லை. மாறாக 800 கட்டியிருந்தால், ஐந்து முறையில் அவர் 3,200 விட்டு 1,800 எடுப்பார். நஷ்டத்துக்குத்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். அப்போது விழுந்தால் அது உண்மையிலேயே துரதிர்ஷ்டம். அடுத்த முறையும் அதேபோல 800 கட்ட வேண்டியதுதான். இரண்டிலும் சீட்டு ஒன்று, தோல்வி ஒன்று. வித்தியாசம் முழுக்க அந்தச் சீட்டு விழுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

உங்களிடம் இரண்டு ராஜா இருக்கும்போது எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருந்தால், அதில் ஆராய ஒன்றுமில்லை. யார் ஆடியிருந்தாலும் பணம் போயிருக்கும்.

இந்த மாதிரி கைகளைத்தான் ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் பணம் போவது வேறு வழியில். ஏஸும் ஜாக்கியும் கையில் வந்ததும் விட மனசில்லாமல் தொடர்வது, எதிராளி மூன்று முறை ஏற்றியும் ‘பார்த்துவிடலாமே’ என்று கட்டுவது, கடைசியில் அவர் ஏஸும் ராஜாவும் காட்டுவது. இதில் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லை. ஒழுகும் குழாய்போல, மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் உறைக்கும். அதேபோல, தப்பாக ஆடி அதிர்ஷ்டத்தில் ஜெயித்த கைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவையெல்லாம் திறமைக் கணக்கில் வரவாகிவிடுகின்றன.

நன்றாக ஆடுபவரும் எவ்வளவு காலம் தோற்கலாம்? 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்; லாப நஷ்டத்தை அளக்கும் அலகு) லாபம் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அந்த 100 கைக்குள் ஏற்ற இறக்கம் சுமார் 100 பிக் பிளைண்ட் இருக்கும். கணக்குப் போட்டால், 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க ஏறத்தாழ 31% வாய்ப்பு. மேசையில் மணிக்கு 30 கை என்றால், வாரம் 8 மணி நேரம் ஆடுபவருக்கு 10,000 கை முடிய ஏறக்குறைய பத்து மாதம். ஆக, பத்து மாதம் தோற்றவர் நல்ல ஆட்டக்காரராகவும் இருக்கலாம். இதைப் படித்ததும் தோற்றவர்களெல்லாம் ஆறுதல் அடைய வேண்டாம். மோசமான ஆட்டக்காரரும் பத்து மாதம் தோற்பார், இன்னும் நிச்சயமாக.

இதில் பெரிய சிக்கல், துரதிர்ஷ்டமும் தப்பாட்டமும் தனித்தனியாக நிற்காததுதான். முதல் மூன்று நாள் சீட்டு சரியில்லாமல் இருந்திருக்கலாம். நாலாம் நாள் விட்டதைப் பிடிக்கிற வெறி வந்துவிடும். வழக்கமாகத் தூக்கிப்போடும் சீட்டோடு உள்ளே போவார், பந்தயத்தை இரட்டிப்பாக்குவார், பதினோரு மணிக்கு எழுந்திருப்பவர் இரண்டு மணிவரை உட்காருவார். அதற்குப் பிறகு போகும் பணத்துக்குச் சீட்டு பொறுப்பில்லை.

1988 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜானி சானிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தவர் எரிக் சைடல். எழுத்தாளர் மரியா கொன்னிகோவாவுக்குப் பின்னாளில் ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். துரதிர்ஷ்டக் கதைகளை அவர் காதில் வாங்கமாட்டார். எப்படி முடிவெடுத்தாய் என்பதைத்தான் பேசச் சொல்வார். என் பார்வையில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. தோற்ற கையை விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். ஆனால் கடைசிச் சீட்டையும், யார் ஜெயித்தார் என்பதையும் மறைத்துவிட்டு, ‘இந்த இடத்தில் நீ என்ன செய்வாய்?’ என்று மட்டும் கேளுங்கள். முடிவைச் சொல்லாவிட்டால் பேச ஒன்றுமில்லை என்று தோன்றும் கைகள்தான் துரதிர்ஷ்டக் கைகள்.

நம் ஊரில் அதிர்ஷ்டமா திறமையா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று தமிழக அரசு பட்டியலிட்டது செல்லாது என 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமை ஆட்டம்தான், சரி. ஆனால் அந்தத் திறமை பல்லாயிரம் கைக்குப் பிறகுதான் கண்ணில் படும். ராத்திரி செல்போனில் 200 கை ஆடியவரின் கடனில் தெரியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ என்று பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் தடை செய்கிறது.