பென்சீனுக்குப் பெயர் தந்த சாம்பிராணி

வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள். அந்தச் சாம்பிராணிக்கும், பெட்ரோலில் கலந்திருக்கும் பென்சீன் என்ற திரவத்துக்கும் பெயரிலே உறவு உண்டு!

சுமத்ரா தீவில் ஒருவகை மரம் வளருகிறது. பட்டையைக் கீறினால் பால் வடியும். அது இறுகினால் சாம்பிராணி. அந்தக் காலத்து அராபியர்கள் சுமத்ராவையும் ஜாவா என்றே சொல்லுவார்கள். எனவே, அந்தப் பிசினை "லுபான் ஜாவி" என்றார்கள். "ஜாவா நாட்டுத் தூபப் பிசின்" என்று அர்த்தம். ஐரோப்பியர் வாயில் பெயரின் தலை போய்விட்டது! "லு" மறைந்தது, மிச்சம் திரிந்து "பென்சாயின்" ஆயிற்று.

அதைச் சூடாக்கினால் வெள்ளை ஊசி போல ஓர் அமிலம் படியும். அதுதான் பென்சாயிக் அமிலம். 1833-ல் ஜெர்மன் விஞ்ஞானி மிட்ஷெர்லிக் இந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சினார். தெளிந்த திரவம் வந்தது. அமிலத்தின் பெயரை ஒட்டி அதற்கும் பெயர் வைத்தார். அதுவே பென்சீன். லண்டனில் மைக்கேல் பாரடே 1825-லேயே கண்டுபிடித்த திரவம்தான் இது. அவர் இட்ட நீளமான பெயர் நிலைக்கவில்லை.

பென்சீனின் உறவுப் பொருள்கள் சில மணம் வீசின. ஆகவே அந்தக் குடும்பத்தையே "அரோமாட்டிக்", அதாவது "வாசனை" இனம் என்றார்கள். தலைவலிக்குத் தின்னும் ஆஸ்பிரினும் இந்த இனம்தான். அதில் ஏது வாசனை? இன்று மணத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம் இருக்கிறதா என்றே பெரும்பாலும் பார்க்கிறார்கள். 1865-ல் அந்த வளையத்தைச் சொன்னவர் கெக்குலே.

பென்சீனுக்கும் இனிய மணம் உண்டு. ஆனால் அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரலாம். ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.