கருமுட்டையின் மூன்று மாதம்

கருத்தரிப்பு சிகிச்சைக்காகக் கூடங்குளத்திலிருந்து நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறும் பெண்ணின் சினைப்பையில் இருக்கும் முட்டைகள் அவளைவிட மூத்தவை. அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகி, பாதிப் பிரிதலில் நின்றுவிட்டவை. பல ஆண்டு காத்திருந்த முட்டைக்கு, வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தைக் கடக்க மட்டும் ஏறத்தாழ 85 நாள் ஆகிறது. சிகிச்சையில் ஊசி போடும் பத்துப் பன்னிரண்டு நாள் அதன் முடிவுப் பகுதிதான். அதற்கு முந்தைய வாரங்களிலும் முட்டை அவள் ரத்தத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அப்போதே எழுதித் தரும் மாத்திரை ஃபோலிக் அமிலம். அதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்தத் தேடல் தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாறு நோயைத் தீர்த்தது. அதில் இருந்த சத்து ஃபோலேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, 1940களில் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

செல் பிரியும்போது புது டி.என்.ஏ. உருவாக ஃபோலேட் வேண்டும். கரு உருவாகி 28 நாளுக்குள் சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான குழல் மூடிவிடும். கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரிவதே அந்தச் சமயத்தில்தான். ஆகவேதான் தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். முருங்கைக்கீரையும் சிறுபயறும் ஃபோலேட் தருபவைதான். மாத்திரையோடு அவையும் தட்டில் இருக்கட்டும்.

மீன், பயறு, காய்கறி, பழம், ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவு முறையை ஏதென்ஸில் சோதனைக்குழாய் சிகிச்சை பெற்ற 244 பெண்களிடம் ஆராய்ந்த ஆய்வாளர்கள், முடிவை 2018இல் வெளியிட்டார்கள். 35 வயதுக்குட்பட்டவர்களில், அதை நன்கு பின்பற்றியவர்களுக்குக் கர்ப்பம் தங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பழமும் ஆலிவ் எண்ணெயும் போக, மற்றதெல்லாம் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரைச் சாளைமீன் குழம்பும் பயறும் கீரையும் சேர்ந்த சாப்பாட்டில் இருக்கிறது.

ஆனால் உணவு உத்தரவாதம் அல்ல. உடல்பருமன் உள்ள பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் எடைக்குறைப்புப் பயிற்சி அளித்த நெதர்லாந்து ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றவர்கள் கூடவில்லை. முன்தயாரிப்பு பெண்ணுக்கு மட்டுமானதும் அல்ல. விந்தணு உருவாகவும் இரண்டரை மாதம் ஆகிறது; கணவர் பீடியையும் மதுவையும் விடவேண்டியதும் அதே காலத்தில்தான்.

சிகிச்சை பலிக்காத மாதத்தில் “என்ன சாப்பிட்டே?” என்று அவளை மட்டும் விசாரிப்பது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாது. அந்த மூன்று மாதமும் சத்தான சாப்பாடும் போதிய தூக்கமும் அவளுக்குக் கிடைக்கச் செய்வது வீட்டிலுள்ள எல்லோருடைய பொறுப்பு.