முதலில் குளோரினை வெளியேற்றுங்கள்

1854இல் லண்டன் சோஹோ பகுதியின் பிராட் தெருவில் காலரா புகுந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் காலராவுக்குப் பலியாகவில்லை. மருத்துவர் ஜான் ஸ்னோ போய் விசாரித்தார். ஆட்களுக்கு ஆலையிலேயே பீர் கொடுப்பதால் தெருப் பம்புத் தண்ணீரை அவர்கள் தொடுவதில்லை என்றார் முதலாளி ஹக்கின்ஸ். ஆலைக்குள் சொந்தமாக ஓர் ஆழ்கிணறும் இருந்தது. பீருக்கான மால்ட் சாறு நன்றாகக் கொதித்த பிறகே நொதிக்கப் போகிறது. கிருமிக்கு அங்கே பிழைப்பு இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து நிலைமை மாறியது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலந்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியும் அதே வழிக்கு வந்தது. பீரை நம்பித் தண்ணீரைத் தவிர்க்கவேண்டிய அவசியம் அதன்பிறகு இல்லாமல் போயிற்று. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் குளோரினை எதிரி போலப் பேசுவது எனக்கு உவப்பில்லை. எத்தனையோ உயிர்களைக் காத்த பொருள் அது. ஆனால் அதன் வேலை குழாயோடு முடிந்துவிடுகிறது. பீர்ப் பாத்திரத்துக்குள் அதற்கு வேலை இல்லை, கெடுதல்தான் உண்டு.

பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் அதற்கு வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். (தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். இங்கே பேசுவது அனுமதி உள்ள நாடுகளைப் பற்றி.) அந்த நாடுகளில் புதிதாகக் காய்ச்சத் தொடங்குகிறவர்களின் பீரில் அடிக்கடி ஒரு மருந்து வாடை வருகிறது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாடை. பலர் ஈஸ்ட்டைச் சந்தேகிக்கிறார்கள், பாத்திரம் சரியாகக் கழுவவில்லையோ என்று மறுகுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். மால்ட்டிலும் ஹாப்ஸ் பூவிலும் பீனால் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன, ஈஸ்ட்டும் சிலவற்றை உண்டாக்கும். குழாய்த் தண்ணீரில் எஞ்சிய குளோரின் அவற்றோடு சேர்ந்தால் குளோரோபீனால் உருவாகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். வந்தபின் அதை நீக்க வழியில்லை. அந்தப் பீரைக் கொட்டவேண்டியதுதான்.

முன்பெல்லாம் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தாலோ, சற்று நேரம் கொதிக்கவைத்தாலோ குளோரின் பறந்துவிடும். இன்று பல நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் குளோரமைனாக அனுப்புகிறார்கள். நீண்ட குழாய்ப் பாதையில் அது நிலைத்து நிற்கும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நிலைத்து நிற்பதுதான் பீர் காய்ச்சுகிறவருக்குச் சிக்கல்: இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் டயாலிசிஸ் மையங்களும் இதே காரணத்தால் தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு சியரா நெவாடா மலையின் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து வருவது தாது உப்பு மிகக் குறைந்த, பில்ஸ்னர் பீருக்கு ஆசைப்படத்தக்க தண்ணீர். 2004 முதல் அதிலும் குளோரமைன் கலக்கிறது.

இதற்குத் தீர்வு சின்ன ஒரு மாத்திரை. இங்கிலாந்தின் சிப்பிங் கேம்டன் ஊரில், பழம் பதப்படுத்தும் ஆய்வில் பிறந்ததால் அதற்குக் கேம்டன் மாத்திரை என்று பெயர். உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டர் தண்ணீருக்குப் போதும். 20 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமைனும் செயலிழந்துவிடும். மிஞ்சுவது சொற்ப அளவு குளோரைடும் சல்பேட்டும். பலர் சறுக்குவது கடைசிக் கட்டத்தில்தான். காய்ச்சும் தண்ணீருக்கு மாத்திரை போட்டுவிட்டு, நொதிக்கலத்தில் அளவு கூட்டும்போது நேரே குழாயைத் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரையும் முன்பே மாத்திரை போட்டு வைத்திருக்கவேண்டும்.

குளோரின் போனபிறகே தாது உப்புகளைப் பற்றிப் பேச்சு. இதில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. புகழ்பெற்ற ஊர்களின் தண்ணீரை அப்படியே நகலெடுக்க ஆசைப்பட்டு, ஜிப்சத்தைக் கரண்டி கரண்டியாகக் கொட்டுகிறார்கள். ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் ஆன் ட்ரெண்ட் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் ஊறிய நீர். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் கொண்டது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்காகக் கப்பலேறிய பேல் ஏலின் கூர்மையான கசப்பு அதில்தான் துலங்கியது. 1842இல் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் பொன்னிற லாகரைக் காய்ச்சியது நேர் எதிரான மென்னீரில். அதில் கால்சியம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான். ஆனால் ஆலைக்காரர்கள் நிலத்தடியில் கிடைத்ததை அப்படியே ஊற்றிக் காய்ச்சினார்கள் என்று எண்ணக்கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுண்ணாம்பைப் படியவிட்டுத் தெளிவை எடுப்பது பழைய வழக்கம். டப்ளினின் கடின நீரால்தான் ஸ்டவுட் என்னும் கறுப்புப் பீர் பிறந்தது என்று பேச்சு. கின்னஸ் ஆலை இன்று எடுப்பதோ விக்லோ மலைகளின் மென்னீரை.

நகலெடுப்பதைவிடக் காரத்தன்மையைக் கவனிப்பது மேல். தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்தால், மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது பிஎச் 5.2க்கும் 5.6க்கும் இடையே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். வெளிர் மால்ட்டில் காய்ச்சிய பீர் தொண்டையைப் பிடிக்கும். வறுத்த கருமால்ட்டுக்கு இயல்பாகவே புளிப்பு உண்டு. அது காரத்தை ஈடுகட்டும். லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீரில் போர்ட்டர் என்னும் கறுப்புப் பீர் நன்றாக வந்ததற்கு இதுவும் காரணம். ஜெர்மானிய பீர் ஆய்வாளர் பால் கோல்பாக் 1953இல் கால்சியமும் மெக்னீசியமும் காரத்தை எந்த அளவுக்கு ஈடுகட்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். காய்ச்சுகிறவர்கள் இன்றும் பயன்படுத்துவது அந்தக் கணக்கைத்தான். லண்டனில் இன்று வெளிர் பீர் காய்ச்ச விரும்புகிறவர் கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்த்தால் போதும். சுவையைத் திருப்ப வேண்டுமானால் கசப்புக்கு ஜிப்சம், மால்ட்டின் இனிப்புக்குக் கால்சியம் குளோரைடு. இரண்டையும் தராசில் நிறுத்துத்தான் போடவேண்டும், கைக்கணக்கு உதவாது.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைக் குடிநீர் நிறுவனங்கள் வெளியிடும் தர அறிக்கையில் பார்க்கலாம். குளோரமைன் கலக்கும் அமெரிக்க நகரங்கள் சில, குழாய்களைச் சுத்தப்படுத்த ஆண்டில் சில வாரங்கள் வெறும் குளோரினுக்கு மாறுகின்றன. அப்போது குழாயைத் திறந்ததுமே நெடி ஏறும். அந்த வாரங்களிலும் அதே கால் மாத்திரைதான்.