தோட்டா நிரப்பும் பொழுதுபோக்கு

துப்பாக்கி வெடித்த மாத்திரத்தில் சன்னம் இலக்கை நோக்கிப் பறந்துவிடுகின்றது. வெடிமருந்து எரிந்து வாயுவாகி மறைந்துவிடுகின்றது. எஞ்சுவது பித்தளைக் கோது ஒன்றே. போர்க்களத்திலே அக்கோது மிதிபட்டு மண்ணிற் புதைந்து போகும். ஆனால், இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்ட அமெரிக்கர் பலர், சூடு தணிந்த கோதினைக் குனிந்து பொறுக்கித் துடைத்துப் பெட்டியிலே பத்திரப்படுத்துவர். பின்னர் ஓய்வான ஒரு மாலைப்பொழுதில் மேசை முன் அமர்ந்து, அதனை மீண்டும் தோட்டாவாக்குவர். கடையில் விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளை இவர்கள் ஏன் தம் கையாலே செய்ய வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முதலில் தோட்டாவின் அமைப்பினை அறிதல் வேண்டும்.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கோது ஒன்று. அதன் அடியிலே பதிந்திருக்கும் சிறு கிண்ணம் போன்ற எரியூட்டி மற்றொன்று. உள்ளே வெடிமருந்து, வாயிலே சன்னம். துப்பாக்கியின் ஊசி எரியூட்டியை அடித்ததும் அது தீச்சுவாலையைக் கக்குகின்றது. அச்சுவாலை ஒரு சிறு துவாரத்தின் வழியாகச் சென்று மருந்தைப் பற்றவைக்கின்றது. மருந்து நொடிப்பொழுதில் வாயுவாக மாறிச் சன்னத்தைத் தள்ளுகின்றது. அவ்வேளையிலே கோது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறமாக வெளியேறாதபடி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்கும். இவ்வாறு விரிந்து சுருங்கும் இயல்பு பித்தளைக்கு உண்டு என்பதனாலேயே, 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை கோதுக்கு உகந்த உலோகமாயிற்று. ஆகவே, நான்கு உறுப்புகளில் மூன்று செலவழிந்துபோன பின்னரும் விலைமிக்க நான்காவது உறுப்பு கையிலே மிஞ்சுகின்றது. அதனை வீசி எறிய மனம் வராமையே இப்பொழுதுபோக்கின் தொடக்கம்.

தொடக்கத்தில் இது பொழுதுபோக்கன்று, தேவையே. கடைகளுக்கு வெகு தொலைவிலே வாழ்ந்த வேட்டைக்காரரும் குடியேறிகளும் வெற்றுக் கோதுகளைத் தாமே நிரப்பிக்கொண்டனர். 1884ஆம் ஆண்டில் ஜோன் பார்லோ என்பவர் நியூ ஹேவன் நகரில் ஐடியல் என்ற பெயரில் நிறுவிய தொழிலகம், குறடு போன்று கையில் அடங்கும் நிரப்புக் கருவிகளைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சன்னங்களுக்குப் பெருந் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது, 1943இல், கலிபோர்னியாவின் ஒரோவில் நகரிலே பிறெட் ஹன்ரிங்ரன் என்பவர், தந்தையாரின் சலவைச்சாலைப் பின்னறையில் சன்னம் செய்யும் அச்சுக்களைக் கடையத் தொடங்கினார். சிறு துப்பாக்கிகளின் வெற்றுக் கோதுகளையே சன்னத்தின் மேலுறையாக மாற்றுவதற்கு அவ்வச்சுக்கள் உதவின. போர் முடிந்ததும், கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன், இராணுவத்துக்கு மிகையாகிப்போன வெடிமருந்தை மொத்தமாக வாங்கி, மேய்ச்சல் நிலம் ஒன்றில் நிறுத்திய பழைய ரயிற் பெட்டியிலே சேமித்து, பொழுதுபோக்காளருக்குச் சில்லறையாக விற்றார். போருக்கென ஆக்கப்பட்ட மருந்து, கடதாசி இலக்கிலே துளையிடும் விளையாட்டுக்குப் பயன்பட்டது.

இப்பொழுதுபோக்கு அமெரிக்காவிலே பெரிதும் வேரூன்றியமைக்கு எரியூட்டியின் அமைப்பும் ஒரு காரணமாகும். இங்கிலாந்தில், வூலிச் அரச ஆய்வுகூடத்தின் மேலதிகாரியாகிய கேணல் எட்வேட் பொக்ஸர், 1866இல் ஒருவகை எரியூட்டியை அமைத்தார். அதே ஆண்டில் அமெரிக்கரான ஹைரம் பேர்டன் வேறொரு வகையை அமைத்தார். பேர்டனின் முறையிலே கோதின் அடியில் சிறு மேடொன்றும் பெரும்பாலும் இரு துவாரங்களும் இருக்கும். பழைய எரியூட்டியைக் கழற்றுவது கடினம். பொக்ஸரின் முறையிலோ நடுவில் ஒரே துவாரம்; வாய்வழியே ஒரு கம்பியைச் செலுத்தித் தள்ளினால் பழைய எரியூட்டி வெளியே விழுந்துவிடும். விந்தை யாதெனில், ஆங்கிலேயர் கண்ட முறையை அமெரிக்காவும், அமெரிக்கர் கண்ட முறையை ஐரோப்பிய நாடுகள் பலவும் தமதாக்கிக்கொண்டன. அதன் பயனாக, அமெரிக்கரின் கையில் எஞ்சிய கோது மீண்டும் நிரப்புவதற்கு எளிதாயிற்று.

நிரப்புபவர் முதலிலே கோதுகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து வெடிப்பு உண்டா என்று பார்ப்பார். பின்னர் விரிந்த கோதினை அச்சிலே அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வார். புதிய எரியூட்டியைப் பதித்து, மருந்தை அளந்து இட்டு, சன்னத்தை வாயிலே பொருத்துவார். பித்தளை என்றென்றும் உழைப்பதன்று. விரிந்தும் சுருங்கியும் அதன் கழுத்து இறுகிப் பிளக்கத் தொடங்கும். அளவறிந்து சூடுகாட்டினால் அவ்விறுக்கம் தளரும். சூடு மிகின் கோதே கெடும். பித்தளையின் இக்குணம் பற்றிய பழைய பாடம் ஒன்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. பிரித்தானிய இராணுவத்தினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களிலே வைத்திருந்தபோது, எவரும் தொடாமலே கோதுகள் வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா வாயுவும், உலோகத்தினுள்ளே உறைந்திருந்த இழுவிசையும் சேர்ந்தே இதனை விளைத்தன என்பதை மூர், பெக்கின்சேல், மலின்சன் ஆகிய மூவரும் 1921இல் விளக்கினர். அமோனியா கலந்த திரவத்தினாற் கோதினைத் துலக்கலாகாது என்ற விதியை இன்றும் நிரப்புவோர் கடைப்பிடிக்கின்றனர்.

செலவைக் குறைப்பது இப்பொழுதுபோக்கின் ஒரு பயன் மட்டுமே. இலக்காளர் தேடுவது ஒருமைப்பாடு. ஒரு தோட்டாவைப் போலவே மற்றத் தோட்டாவும் இருத்தல் வேண்டும். 100 யார் தூரத்தில், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகினால் குறி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகத் தவறும். மேசைமீது துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் போட்டிகளிலோ, பல சூடுகளும் ஒரே துளையாகத் தோன்றும் வண்ணம் நெருங்கி விழுதல் வேண்டும். ஆகையால் மருந்து மிக நுட்பமாக நிறுக்கப்படுகின்றது. பொற்கொல்லர் பொன் நிறுப்பதற்குக் குன்றிமணியைக் கொண்டதுபோல, மேனாட்டார் தானிய மணியின் பெயரால் கிறெயின் என்னும் அளவைக் கொண்டனர். 7,000 கிறெயின் சேர்ந்தால் ஓர் இறாத்தல். ஒரு கிறெயின், குன்றிமணியின் எடையில் ஏறக்குறைய அரைப்பங்கு. அந்தக் கிறெயினிலும் பத்தில் ஒரு பங்கை இவர்கள் கணக்கிலெடுப்பர்.

ஒரே துப்பாக்கி ஏன் ஒரே இடத்தில் அடிப்பதில்லை என்னும் கேள்விக்கு வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கொடுத்தவர் பிராங்ளின் மான். மசச்சூசெற்ஸ் மாநிலத்து மில்போர்ட் நகரில் வாழ்ந்த இவர் மருத்துவக் கல்வி பெற்றவர். அசையாத கொங்கிறீற்றுத் தூணொன்றிலே துப்பாக்கிக் குழலைப் பொருத்திச் சுட்டார். அத்தூணுக்கு, ஜிப்ரோல்ற்றர் பாறையின் உறுதியை நினைந்து, அப்பெயரையே சூட்டினார். சன்னத்தின் வழியில் மெல்லிய கடதாசித் திரைகளைத் தொங்கவிட்டு, அது செல்லும் பாதையைத் துளைகளால் அறிந்தார். வேண்டுமென்றே சன்னங்களின் நுனியையும் அடியையும் ஊறுபடுத்திச் சோதித்தார். நுனியிலுள்ள குறையைக் காட்டிலும் அடியிலுள்ள குறையே குறியை மிகுதியாகக் கெடுக்கின்றது என்று கண்டார். எளிதிற் கண்ணுக்குப் படுவது நுனி. கெடுப்பதோ கோதினுள்ளே மறைந்திருக்கும் அடி. அவருடைய ஆராய்ச்சி 1909இல் நூலாக வெளிவந்தது.

கண்ணுக்குப் படாத குறை இலக்கை மட்டுமன்றி உயிரையும் கெடுக்கவல்லது. மோட்டார் வண்டிச் சக்கரத்தினுள்ளே காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். ஆற்றல் மிக்க றைபிளின் அறையிலோ அது 60,000 இறாத்தல் வரை ஏறும். அத்தகைய விசை சுடுபவரின் முகத்துக்கு மிக அண்மையிலே எழுகின்றது. பழைய கரிமருந்து கோதினை நிறைத்துவிடும். இரண்டாம் முறை இட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும். 1884இல் பிரான்சிலே போல் வியேய் கண்ட புகையற்ற மருந்து அத்தகையதன்று. சிறிதளவே பெருவலி தரும். ஆதலால், சில வகைக் கோதுகளில் மறதியினால் இருமுறை மருந்து இடப்பட்டாலும் வெளியே தெரியாது. ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. எரியும் வேகமோ பெரிதும் வேறுபடும். மாறி இட்டால் துப்பாக்கி சிதறலாம். கண்ணும் கையும் போகலாம்.

எனவே, மேசைமீது ஒரு வகை மருந்துக்கு மேல் வைப்பதில்லை. தீயும் புகைத்தலும் அருகில் இல்லை. பேச்சும் இல்லை. அச்சிட்ட அளவு நூலிற் குறித்த எல்லையை எவரும் தம் ஊகத்தால் மீறுவதில்லை. மருந்திட்ட கோதுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கொளியிலே ஒவ்வொன்றின் உள்ளேயும் நோக்கிய பின்னரே சன்னத்தைப் பொருத்துவர். செய்தவற்றையெல்லாம் நாளும் அளவும் குறித்துக் குறிப்பேட்டில் எழுதுவர். துப்பாக்கியையும் வெடிமருந்தையும் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல் இலங்கையிலே குற்றமாகும். ஆகவே இது இங்கு கேட்டறிதற்குரிய செய்தியேயன்றிச் செய்துபார்த்தற்குரியதன்று. ஆயினும் அந்த மேசையில் நிகழும் ஒரு காட்சி எந்தத் தொழில் செய்வோரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஐம்பது தோட்டாக்களை நிரப்பி முடித்தவருக்கு, இடையிலே யாரோ அழைத்தபோது ஒரு கோதில் இருமுறை மருந்து இட்டுவிட்டோமோ என்ற ஐயம் எழுகின்றது என்று கொள்வோம். எந்தக் கோது என்று தெரியாது. பெரும்பாலும் தவறு நேர்ந்திராது. ஆயினும் தேர்ந்தவர் அந்த ஐம்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து, மருந்தைக் கொட்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீணாயிற்றே என்று அவர் வருந்துவதில்லை. அவர் செய்ததைப் பார்த்தவரும் இல்லை, பாராட்டியவரும் இல்லை. மறுநாள் இலக்கு மைதானத்திலே துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைக்கும்போது அவர் உள்ளம் அமைதியாக இருக்கும். முந்திய மாலை அவர் செலவிட்ட நேரத்துக்கு அந்த அமைதியே கைம்மாறு.