டெஸ்டுக்கு வராதவர்கள் ஆய்வையே மாற்றிவிடுவார்களா?

சென்னையில் 2001-ல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ நீரிழிவு ஆய்வில் 26,001 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் குளுக்கோஸ் குடிக்கவைத்து முழு டெஸ்ட் எடுக்க முடியுமா? பத்தில் ஒருவர் என 2,600 பேரை அழைத்தார்கள். வந்தவர்கள் 2,350.

மற்ற ஒன்பது பேரை அழைக்காததில் சிக்கல் இல்லை. அது வரிசைப்படி நடந்த தேர்வு. அழைத்தும் வராத 250 பேர்தான் கேள்வி.

இதே ஆய்வு நாமக்கல்லில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். டெஸ்ட் நாளில் லாரி டிரைவர்கள் பலர் வெளிமாநில லோடில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தூக்கம் கெட்டு, உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களின் சுகர் கணக்கிலேயே வராது.

என்ன செய்வார்கள்? வயது, எடை, வேலை ஒத்துப்போகிறவர்களின் அளவை வைத்து, விடுபட்டதைக் கணிப்பார்கள். ஒரே எண்ணை நிரப்பினால் ஊகம் உண்மைபோல் ஆகிவிடும். அதனால் வெவ்வேறு எண்களைப் பலமுறை நிரப்பி, முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஆனால், ‘சுகர் இருக்குன்னு சொல்லிடுவாங்களோ’ என்ற பயத்தில் வராதவரை இந்தக் கணக்கு பிடிக்காது. வராத காரணத்தையும் கேட்டுக் குறிப்பது அதனால்தான் முக்கியம்.

அடுத்தமுறை ஆய்வுச் செய்தி படித்தால், எத்தனை பேர் என்பதோடு யார் வரவில்லை என்றும் பாருங்கள்.